எட்டு அசைச் சொல்

ஆங்கிலச் சட்ட நூல்களில் பழகியவர்களுக்கு 'அன்கான்ஸ்டிட்யூஷனாலிட்டி' என்ற சொல் புதியதன்று. ஆங்கிலத்தில் எழுதினால் பத்தொன்பது எழுத்துகள். வாயால் ஒலித்தால் எட்டு அசைகள். ஒரு சட்டமோ விதியோ நாட்டின் அரசியலமைப்புக்கு முரணாக இருக்கும் தன்மையை அது குறிக்கின்றது. பள்ளிப் பிள்ளைகள் இதனைப் புத்தகத்தில் கண்டால் மலைத்து நிற்கின்றனர். பெரியவர்களில் பலர் பாதியிலேயே விழுங்கிவிடுகின்றனர். செய்தி கேட்கும்போது 'கான்ஸ்டிட்யூஷன்' என்ற நடுப்பகுதி மட்டும் காதில் விழுந்து, தலையும் வாலும் தவறிப் போவதும் உண்டு. வால் தவறினால் பெரிய கேடில்லை. தலையில் நிற்கும் 'அன்' என்ற சிற்றசை தவறினாலோ, பொருள் நேர் எதிராகிவிடும்.

ஹைதராபாத்திலும் செகந்தராபாத்திலும் குடியேறி வாழும் நமக்கு இச்சொல்லில் தனி அக்கறை உண்டு. இதன் தலையிலுள்ள அந்த 'அன்' ஒட்டுமா ஒட்டாதா என்னும் கேள்வி 1969-இலும் 1972-இலும் உச்ச நீதிமன்றத்தில் எழுந்தது. வெளியிலிருந்து வந்தவர் இந்நகரில் அரசாங்க வேலைக்கு உரியவரா, அல்லரா என்பது அவ்விடையைப் பொறுத்தே நின்றது. அவ்வரலாற்றுக்குப் பின்னர் வருவோம். முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். பிரிப்பதற்கு வேண்டிய கருவிகள் நம் வீட்டுப் பரணிலேயே இருக்கின்றன.

நன்னூல் பகுபதத்துக்குப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்ற ஆறு உறுப்புகளை வகுத்துத் தந்திருக்கின்றது. பள்ளியில் நாம் எல்லோரும் உருப்போட்ட பாடந்தான். அந்தக் கத்தியையே எடுத்து ஆங்கிலச் சொல்லை அறுத்தால் அது அழகாகவே துண்டுபடுகின்றது. நடுவே இருக்கும் 'ஸ்டிட்யூ' என்பதே பகுதி. இலத்தீன் மொழியில் 'ஸ்டாரே' என்றால் நிற்றல். அதனோடு உறவுடைய 'ஸ்டாட்டுவெரே' என்றால் நிறுத்துதல், நிறுவுதல். முன்னே ஓர் ஒட்டு வந்து சேர்ந்தவுடன் அதன் முதல் உயிராகிய அகரம் இகரமாகத் திரிந்து 'ஸ்டிட்' ஆயிற்று. இது விகாரம். அதற்கு முன்னுள்ள 'கான்' என்பதற்கு 'ஒருங்கு', 'உடன்' என்று பொருள். ஆகவே 'கான்ஸ்டிட்யூட்' என்ற வினைக்கு 'ஒருங்கு நிறுவு' என்பதே வேர்ப்பொருள்.

பின்னால் வருவன மூன்று விகுதிகள். 'ஷன்' தொழிற்பெயர் விகுதி. 'அல்' அப்பெயரை மற்றொரு பெயருக்கு அடையாக்குவது. 'இட்டி' பண்புப்பெயர் விகுதி. நம் 'மை' விகுதி செய்யும் வேலையை அது செய்கின்றது. செம்மை, வெண்மை, பொறுமை என்பவற்றில் மை எப்படியோ, 'வாலிடிட்டி', 'நேஷனாலிட்டி' என்பவற்றில் 'இட்டி' அப்படியே. தமிழில் ஒரு விகுதியின் மேல் இன்னொரு விகுதி ஏறுவது அருமை. ஆங்கிலம் இலத்தீனிடம் கற்ற பழக்கத்தால் மூன்று, நான்கு என்று அடுக்கிக்கொண்டே போகின்றது. சட்ட ஆங்கிலம் கேட்பதற்கு வண்டித்தொடர் போல இருப்பதற்கு இதுவே முதற் காரணம்.

நில் என்னும் வினையடியிலிருந்து நாமும் இவ்வாறே சொற்கள் வளர்த்திருக்கின்றோம். நிறுத்து, நிறுவு, நிறுவனம், நிலையம், நிலைமை என்பன அக்குடும்பம். ஆங்கிலத்திலும் 'ஸ்டாட்யூட்' என்னும் சட்டம், 'இன்ஸ்டிட்யூட்' என்னும் நிறுவனம், 'சப்ஸ்டிட்யூட்' என்னும் மாற்றாள், 'டெஸ்டிட்யூட்' என்னும் ஆதரவற்றோர், 'ஸ்டேட்' என்னும் மாநிலம் ஆகிய அனைத்தும் நிற்றலிலிருந்தே பிறந்தவை. இரு மொழிகளுக்கும் இரத்த உறவு ஒன்றும் இல்லை. நிலைபெற்ற எதனையும் நிற்பதாகப் பார்ப்பது மனித இயல்பு போலும்.

இன்னொன்றும் சொல்லத்தக்கது. ஒருவருடைய உடற்கட்டுக்கும் ஆங்கிலேயர் 'கான்ஸ்டிட்யூஷன்' என்றே சொல்வர். உறுப்புகள் ஒருங்கு சேர்ந்து நிற்பது உடம்பு என்ற கருத்து அது. நம் முன்னோர் உடம்பை யாக்கை என்றனர். யாத்தல் என்றால் கட்டுதல். எலும்பும் நரம்பும் தசையும் கட்டப்பட்டது ஆதலின் யாக்கை. அரசும் ஒரு யாக்கைதான் என்று எண்ணிப் பார்த்தால், அரசியலமைப்பு என்ற சொல்லின் 'அமைப்பு' மிகப் பொருத்தமாகவே விழுந்திருக்கின்றது. இக்காலத்தில் 'அரசமைப்பு' என்று சுருக்கியும் எழுதுகின்றனர். சுருக்கம் நாவுக்கு எளிது; நமக்கு அதுவே பிடித்திருக்கின்றது.

இனித் தலைக்கு வருவோம். 'அன்' மட்டும் இலத்தீன் சரக்கன்று. அது பழைய ஆங்கிலத்துக்கே உரிய ஒட்டு. இலத்தீன் உடம்பின் மேல் ஆங்கிலத் தலை பொருத்தப்பட்டிருக்கின்றது. வடமொழியில் அநீதி, அநாதி, அநாகரிகம் என்னும் சொற்களின் முதலில் வரும் மறுப்பும் இந்த 'அன்'னும் ஒரே பழங்குடியின் வழிவந்தவை என்று மொழிநூலார் காட்டியிருக்கின்றனர். தமிழ் தன் மறுப்பைப் பெரும்பாலும் நடுவில் வைத்துக்கொள்ளும். ஒரு சட்டத்தை நீதிமன்றம் தள்ளினால் 'இச்சட்டம் செல்லாது' என்கின்றோம். செல், ல், ஆ, து என்று அது பிரியும். நடுவில் நிற்கும் ஆகாரமே எதிர்மறை இடைநிலை. ஓர் உயிரெழுத்து நடுவில் நின்று வேலை முழுவதையும் செய்து முடித்துவிடுகின்றது. இந்திய அரசியலமைப்பின் 13-ஆம் பிரிவும் அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டங்களைக் குறிக்கும்போது 'வாய்ட்' என்ற ஓரசைச் சொல்லையே ஆள்கின்றது. எட்டு அசையில் காரணம், ஓரசையில் முடிவு.

பொருள் நோக்கிப் பிரிப்பது இவ்வாறு. ஒலி நோக்கிப் பிரித்தால் வெட்டு வேறிடத்தில் விழும். அன், கான், ஸ்டி, ட்யூ, ஷ, னா, லி, டி என்று எட்டாகப் பிரியும். 'ஷன்' என்ற விகுதியின் ஈற்றில் நின்ற மெய், அடுத்த 'அல்' என்பதன் உயிரோடு கூடி 'னா' ஆகிவிட்டது காண்க. ஈற்று மெய்யோடு வருமொழி உயிர் கூடிக்கொள்ளும் என்பது நமக்குத் தெரிந்த புணர்ச்சி விதியே. ஆங்கில அகராதிகள் வரி முடிவில் சொல்லை முறிக்கப் புள்ளியிடும்போது 'ஷன்' என்பதைக் குலைக்காமல் எழுதுகின்றன. ஒலிப்புக் குறியிடும்போது னகரத்தை அடுத்த அசைக்குத் தள்ளிவிடுகின்றன. பிள்ளைகள் இரண்டையும் பார்த்துக் குழம்புவது இதனால்தான். முன்னது எழுத்தின் பிரிவு. பின்னது ஒலியின் பிரிவு.

நம் யாப்பு முறையால் அலகிட்டால் என்ன ஆகும்? அன்-கான்ஸ்-டிட்-யூ-ஷனா-லிட்-டி. நேர், நேர், நேர், நேர், நிரை, நேர், நேர். எட்டுக்குப் பதில் ஏழாகிவிட்டது! குறிலும் நெடிலும் இணைந்து 'ஷனா' என்று ஒரே நிரையசை ஆனதே காரணம். ஆகவே 'சிலபிள்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அசை என்று நாம் இக்கட்டுரையில் எழுதுவது ஒரு வசதிக்கே. தொல்காப்பியர் வழிவந்த அசை வேறு கணக்கு. ஆனால் ஒரு வேடிக்கை. தமிழ்க் கணக்கில் எந்த இடத்தில் ஒரே ஒரு நிரை விழுந்ததோ, அந்த நிரையின் உள்ளேதான் ஆங்கிலச் சொல்லின் முழு அழுத்தமும் விழுகின்றது. தற்செயலே எனினும் நினைவில் வைத்துக்கொள்ள உதவும்.

அழுத்தம் என்றோம். இங்கேதான் தமிழ்ச் செவிக்கு இடர்ப்பாடு. நம் மொழியில் ஒலியின் நீளம் பொருளை மாற்றும். பல் வேறு, பால் வேறு. ஒற்று இரட்டித்தாலும் மாற்றும். படம் வேறு, பட்டம் வேறு. ஓர் அசையை ஓங்கிச் சொல்வதாலும் மற்றொன்றைத் தாழ்த்திச் சொல்வதாலும் தமிழில் சொல் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் மாறுகின்றது. 'ரெக்கார்ட்' என்பதில் முதல் அசையை ஓங்கினால் பதிவு என்னும் பெயர். இரண்டாம் அசையை ஓங்கினால் பதிவு செய் என்னும் வினை. 'கான்விக்ட்' என்பதும் அவ்வாறே. முதலில் ஓங்கினால் தண்டனைக் கைதி. பின்னால் ஓங்கினால் குற்றவாளி என்று தீர்மானி. நாம் அடங்கு, அடக்கு என்றும், திருந்து, திருத்து என்றும் மெல்லினத்தை வல்லினமாக்கித் தன்வினையைப் பிறவினை ஆக்குகின்றோம். அந்த வேலையில் ஒரு கூறை ஆங்கிலேயன் மூச்சின் அழுத்தத்தால் செய்துகொள்கின்றான்.

நாம் எடுத்துக்கொண்ட சொல்லில் அழுத்தம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. 'கான்ஸ்டிட்யூட்' என்னும் வினையில் முதல் அசையின் மேல் இருக்கின்றது. 'கான்ஸ்டிட்யூஷன்' என்றவுடன் மூன்றாம் அசையாகிய 'ட்யூ'வுக்குத் தாவுகின்றது. 'கான்ஸ்டிட்யூஷனல்' என்னும்போது அங்கேயே தங்குகின்றது. 'இட்டி' வந்து ஒட்டினால் மீண்டும் எழுந்து 'னா'வின் மேல் போய் அமர்கின்றது. முன்னே 'அன்' சேர்த்து எண்ணினால் அது ஆறாம் அசை. பழைய இடங்களில் சிறிது அழுத்தம் எச்சமாக நிற்கும். ஆனால் அரசுகட்டில் இப்போது ஆறாவதற்கே. விதி மிக எளிது. 'ஷன்' என்றோ 'இட்டி' என்றோ முடியும் சொல்லானால், அவ்விகுதிக்கு நேர் முன்னே உள்ள அசையை ஓங்கிச் சொல்ல வேண்டும். வாலிட், வாலிடிட்டி, நேஷனல், நேஷனாலிட்டி, மைனர், மைனாரிட்டி. யூனிவர்சிட்டி என்ற சொல்லிலும் அதுவே. தலையிலிருந்து எண்ணினால் அகப்படாத இடம் வாலிலிருந்து எண்ணினால் உடனே அகப்படும்.

அழுத்தம் விலகிய அசையின் கதி என்ன? அதன் உயிர் குறுகி மங்கிவிடுகின்றது. 'கான்ஸ்டிட்யூஷனல்' என்பதன் கடைசி அகரம் இருப்பதும் தெரியாது, இல்லாததும் தெரியாது. 'இட்டி' வந்து அழுத்தம் கூடியபின் அதே உயிர் வாய் நிறைய ஒலிக்கின்றது. இது நமக்கு முற்றும் அயலானதன்று. பாட்டு, காற்று, எஃகு என்னும் சொற்களின் ஈற்றில் வரும் உகரம் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறுகுவதைக் குற்றியலுகரம் என்று பெயரிட்டு நம் இலக்கணிகள் எண்ணி வைத்திருக்கின்றனர். ஆங்கிலத்தில் எல்லா உயிர்களுமே அழுத்தம் இழந்தால் குற்றியலுகரம் போலாகிவிடும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் போதும். வேறு விளக்கம் வேண்டுவதில்லை. நம்மவர் செய்வது என்னவென்றால், எட்டு அசைகளுக்கும் ஒரே படியாக நிறை கொடுத்து, ஒவ்வொன்றையும் முழுமையாகச் சொல்வது. 'ட்யூ' என்பதன் நடுவே ஓர் இகரத்தையும் சேர்த்து ஒன்பதாக்குவாரும் உளர். தாராளந்தான். ஆனால் கேட்கும் ஆங்கிலேயனுக்குச் சொல் அகப்படுவதில்லை.

இதனை ஆராய்ந்து சொன்ன இடம் நம் நகரிலேயே இருக்கின்றது. 1958-இல் மத்திய ஆங்கில நிறுவனம் ஹைதராபாத்தில், உஸ்மானியா பல்கலைக்கழகத்தை அடுத்துத் தொடங்கப்பட்டது. இந்தியா முழுவதிலும் இருந்து ஆங்கில ஆசிரியர்கள் அங்கே வந்து ஒலிப்பயிற்சி பெற்றனர். 1972-இல் அயல்மொழிகளும் சேர்ந்தன; 2007 முதல் அது ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகமாக விளங்குகின்றது. அந்நிறுவனத்தைச் சேர்ந்த ஆர். கே. பன்சால் என்னும் அறிஞர், இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறர்க்கு எவ்வளவு விளங்குகின்றது என்று ஆராய்ந்து 1969-இல் நூல் வெளியிட்டார். இந்தியரின் பேச்சைப் பதிவு செய்து அயல்நாட்டார்க்குப் போட்டுக் காட்டி, எங்கே விளங்கவில்லை என்று அவர் கணக்கெடுத்தார். தனி எழுத்துகளின் உச்சரிப்பு ஒருபுறம் இருக்க, சொல்லில் அழுத்தம் இடம் மாறி விழுவது பெரியதொரு தடை என்பது அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று. தமிழரான டி. பாலசுப்பிரமணியன் இந்திய மாணவர்க்கென்று எழுதிய ஆங்கில ஒலியியல் பாடநூல் 1981-இல் வந்தது. இன்றும் கல்லூரிகளில் மாணவர் கையில் அதனைக் காணலாம்.

வீட்டில் செய்யத்தக்க பயிற்சி ஒன்று உண்டு. நெடுஞ்சொல்லை வாலிலிருந்து கட்டிக்கொண்டு வருவது அது. லிட்டி, னாலிட்டி, ஷனாலிட்டி, ட்யூஷனாலிட்டி, ஸ்டிட்யூஷனாலிட்டி, கான்ஸ்டிட்யூஷனாலிட்டி, கடைசியில் 'அன்'. ஒவ்வொரு முறையும் 'னா'வில் கையைத் தட்டச் சொல்ல வேண்டும். தாளம் போடத் தெரிந்த குழந்தைகள் ஐந்து நிமிடத்தில் பிடித்துக்கொள்கின்றனர். கடைசியில் சேரும் 'அன்'னைச் சற்று நிறுத்திச் சொல்லப் பழக்குவது மிக நன்று. முழு அழுத்தம் அங்கே இல்லை எனினும், அது காதில் விழாவிட்டால் சொன்னதெல்லாம் தலைகீழாகும்.

தலைகீழாகும் என்பதற்கு இனி நம் நகர வரலாற்றைக் காண்போம். நிஜாம் ஆட்சியில் நீதிமன்ற மொழி உருது. 1918-இல் தொடங்கிய உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் சட்டமும் உருதுவிலேயே கற்பிக்கப்பட்டது. அதற்கென்று 1917-இலேயே ஒரு மொழிபெயர்ப்பு நிலையத்தை அமைத்து, ஆங்கிலக் கலைச்சொற்களையெல்லாம் உருதுவில் ஆக்கினர். உஸ்மானியாவில் உருதுப் பேராசிரியராயிருந்த வஹீதுத்தீன் சலீம், முன்னொட்டும் பின்னொட்டும் கொண்டு புதுச் சொல் ஆக்கும் முறையைப் பற்றி 1921-இல் ஒரு தனி நூலே எழுதினார். 'அன்' என்ற ஒட்டுக்கு உருதுவில் பெரிதும் கைகொடுத்த சொல் 'கைர்' என்பது. அரபியிலிருந்து வந்தது, 'வேறான', 'அல்லாத' என்று பொருள். 'ஆயீன்' என்றால் அரசியலமைப்பு. அதற்கு முரணானது 'கைர் ஆயீனி'. நகரத்து முதியவர்கள் இந்த 'கைர்' என்ற ஒட்டை இன்னொரு சொல்லோடு சேர்த்தே நன்கு அறிவர். அதுதான் 'கைர் முல்கி'.

'முல்க்' என்றால் நாடு. 'ஈ' விகுதி சேர்ந்தால் முல்கி, அதாவது நாட்டவன். 'கைர்' முன்னே வந்தால் நாட்டவன் அல்லாதவன். வெளியூர்களிலிருந்து, குறிப்பாக வட இந்தியாவிலிருந்து வந்தவர்களே உத்தியோகங்களை நிரப்பிவிடுகின்றனர் என்று உள்ளூரார் நெடுங்காலம் குறைகூறி வந்தனர். 1919-இல் ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலிகான் பிறப்பித்த ஆணைப்படி, சமஸ்தானத்து அரசு வேலை முல்கிகளுக்கே உரியதாயிற்று. பிறப்பால் சமஸ்தானத்துக் குடியாக இல்லாதவர் முல்கி ஆக வேண்டுமானால், பதினைந்து ஆண்டுகள் இங்கே நிலையாகக் குடியிருந்திருக்க வேண்டும். முன்பு வாழ்ந்த ஊருக்குத் திரும்பும் எண்ணத்தை அடியோடு கைவிட்டிருக்க வேண்டும். அவ்வாறு கைவிட்டதாக மாஜிஸ்திரேட் முன் சான்று பெற்ற 'அஃபிடவிட்' தர வேண்டும்.

குடியேறியவர் எவருக்கும் இந்த மூன்றாம் நிபந்தனை மனத்தைத் தொடுவதாகும். பதினைந்து ஆண்டு இருந்துவிடலாம். ஊருக்குத் திரும்பும் எண்ணமே இல்லை என்று சத்தியம் செய்வது எளிதா? குலதெய்வத்துக்குப் பொங்கலிடவும், மகளுக்கு வரன் பார்க்கவும், பெற்றோரின் கடைசிக் காலத்தில் உடனிருக்கவும் தஞ்சைக்கும் வேலூருக்கும் திருநெல்வேலிக்கும் ஓடுகின்றவர்கள் அல்லமோ நாம்! 'அஃபிடவிட்' என்பதும் ஒரு விந்தைச் சொல். அது இலத்தீனில் 'சத்தியம் செய்திருக்கின்றார்' என்னும் முழு வினைமுற்று. வினைமுற்றே பெயராகி உறைந்து நிற்கின்றது. நான்கு அசையில் மூன்றாவது அசையை ஓங்கிச் சொல்வர்.

1948-இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபின் நிர்வாகத்துக்கென வெளி மாகாணங்களிலிருந்து, சென்னையிலிருந்தும், பலர் வந்தனர். பொய் முல்கிச் சான்றிதழ்கள் மலிந்தன என்ற புகார் எழுந்தது. 1952-இல் மாணவர் கிளர்ச்சி வெடித்தது. கைர் முல்கிகளே திரும்பிப் போங்கள் என்ற முழக்கத்தோடு, இட்லி சாம்பாரே திரும்பிப் போ என்ற முழக்கமும் தெருக்களில் கேட்டது. நமக்கு இது கசப்பே. ஆயினும் உள்ளூர் இளைஞரின் வேலையில்லா வருத்தம் உண்மையானது என்பதை மறுக்க இயலாது. அவ்வாண்டு செப்டம்பரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின.

1956 நவம்பர் 1-இல் ஆந்திரப் பிரதேசம் அமைந்தது. 1957-இல் பாராளுமன்றம் இயற்றிய பொது வேலைவாய்ப்பு (குடியிருப்புத் தகுதி) சட்டம், தெலங்கானாப் பகுதியில் சில வேலைகளுக்கு அப்பகுதியிலேயே குடியிருந்திருக்க வேண்டுமென்று விதிக்க இடந்தந்தது. தெலங்கானாக் கிளர்ச்சி கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்த 1969 மார்ச் மாதத்தில், நரசிம்ம ராவ் என்பார் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தின் 3-ஆம் பிரிவு இவ்வகையில் அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்த்தது. தீர்ப்பின் ஆணிவேர் ஒரு சொல். அரசியலமைப்பின் 16(3)-ஆம் பிரிவு குடியிருப்புத் தகுதியை 'ஸ்டேட்' அளவில் விதிக்கப் பாராளுமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கின்றது. 'ஸ்டேட்' என்றால் முழு மாநிலம். மாநிலத்தின் ஒரு பகுதி ஆகாது என்றனர் நீதிபதிகள். நிற்றலிலிருந்து பிறந்த ஓரசைச் சொல்லால், அதே குடும்பத்து எட்டசைச் சொல் வந்து சட்டத்தின் மேல் விழுந்தது.

கதை அத்தோடு முடியவில்லை. 1972 அக்டோபர் 3-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மற்றொரு வழக்கில், பழைய முல்கி விதிகளே இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று தீர்ப்பளித்தது. அரசியலமைப்பு தொடங்குமுன் நடைமுறையிலிருந்த இத்தகைய விதிகள், பாராளுமன்றம் மாற்றும்வரை தொடருமென்று 35-ஆம் பிரிவு கூறுவதே காரணம். மூன்று ஆண்டுக்கு முன் ஒட்டிய 'அன்' இம்முறை ஒட்டவில்லை. தெலங்கானாவில் மகிழ்ந்தனர், கடற்கரை ஆந்திரத்தில் தனி மாநிலம் கேட்டுக் கிளர்ந்தனர். செய்தி கேட்டவர்களில் எத்தனை பேர் அந்தச் சிற்றசை உண்டா இல்லையா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருப்பர்!

தமிழ்நாட்டாருக்கும் இச்சொல் பழைய அறிமுகமே. 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை அரசின் வகுப்புவாரி ஆணை இச்சொல்லால்தான் வீழ்ந்தது. அதன் விளைவாக அவ்வாண்டே முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்தது. உலகில் இச்சொல்லுக்கு முதலில் பல் முளைத்தது அமெரிக்காவில். 1803-இல் மார்பரி வழக்கில் தலைமை நீதிபதி மார்ஷல், நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் பிரிவே அரசியலமைப்புக்கு முரண் எனில் செல்லாது என்று தீர்த்தார். ஒரே ஏட்டில் எழுதப்பட்ட அரசியலமைப்பு இல்லாத பிரிட்டனிலோ, 'அன்கான்ஸ்டிட்யூஷனல்' என்றால் முறையற்றது என்று கண்டிப்பதே அன்றி, அதனைக் கொண்டு பாராளுமன்றத்தின் சட்டத்தை நீதிமன்றம் ரத்துச் செய்வதில்லை.

முல்கி விதிகள் 1973-இல் சட்டத்தாலேயே நீக்கப்பட்டன. அவ்வாண்டின் 32-ஆம் திருத்தத்தால் அரசியலமைப்பில் 371-டி பிரிவு சேர்ந்தது. அதன்கீழ் 1975-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, கல்வித் தகுதிக்குரிய தேர்வு எழுதும் ஆண்டு முடிய ஒரே பகுதியில் தொடர்ந்து நான்கு ஆண்டு படித்தவரை அப்பகுதியின் 'லோக்கல்' என்று வரையறுத்தது. பதினைந்து நான்காயிற்று. திரும்பிச் செல்லும் எண்ணம் இல்லை என்று சத்தியம் செய்யவும் வேண்டாமென்றாயிற்று. 2014 ஜூன் 2-இல் தெலங்கானா தனி மாநிலம் ஆனது; 371-டி பிரிவு இரு மாநிலங்களுக்கும் தொடர்ந்தது. 2018-இல் தெலங்கானாவுக்குப் புதிய ஆணை வந்தது.

இப்போது விண்ணப்பங்களில் 'கைர்' இல்லை; 'அன்'னும் இல்லை. அவற்றின் இடத்தில் 'நான்' என்னும் இலத்தீன் ஒட்டு வந்து அமர்ந்திருக்கின்றது: 'நான்-லோக்கல்'. மூன்று அசை. அகராதிப்படி அழுத்தம் 'லோ'வின் மேல். அலுவலகச் சாளரத்தில் இருப்பவர் மட்டும் எப்போதும் 'நான்' என்பதையே ஓங்கிச் சொல்கின்றார்.